விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றுவிட்டது: மலையகத்து வீடு, கடை, பாடசாலைக் கம்பியூட்டர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பொகவந்தலாவைப் பக்கம் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா ஒருநாள் காலையிலேயே போன் எடுத்தார். "தம்பி, கம்பியூட்டரப் போட்டதும் பெரிசா ஒரு நோட்டீஸ் வருது. சப்போர்ட் முடிஞ்சிருச்சாம். ஆனா எல்லாம் ஓடுதே. அத மூடிட்டு வேலையப் பாத்தா போதாதா?"

நேரில் போய்ப் பார்த்தேன். டெஸ்க்டொப் முழுக்க ஸ்கேன் செய்த கோப்புகள். அடையாள அட்டையின் முன்பக்கம், பின்பக்கம், பிறப்புச் சான்றிதழ், இ.பி.எப். விண்ணப்பம், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். சுற்றியிருக்கும் மூன்று நான்கு தோட்டத்து ஆட்களின் காகிதங்கள் அத்தனையும் அந்த ஒரு பெட்டிக்குள் இருந்தன. சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு அது அங்கே இருப்பதே தெரியாது.

நம் பக்கத்தில் ஒரு கம்பியூட்டர் ஒரே ஆளுக்கு மட்டும் சொந்தமாக இருப்பது குறைவு. வீட்டு லெப்டொப்பில் அண்ணன் வேலைக்கு விண்ணப்பம் போடுவார், தங்கச்சி ஏ.எல். பாடம் பார்ப்பாள், பக்கத்துக் காம்பராப் பிள்ளை ஓ.எல். ரிசல்ட் பார்க்க வரும். ஆகவே மெஷின் எவ்வளவு பழையது என்று கேட்பதற்கு முன்னால், அதில் யார் யாருடைய என்னென்ன விஷயம் கிடக்கிறது என்று கேட்கச் சொல்வேன். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்தக் கேள்வியிலிருந்துதான் வருகிறது.

எது நின்றது, எது நிற்கவில்லை

2015 ஜூலை 29இல் வந்த விண்டோஸ் 10க்கு, 2025 ஒக்டோபர் 14 அன்று மைக்ரோசொப்ட் இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்தியது. மெஷின் வழக்கம்போல ஓடும். வேர்ட் திறக்கும், பிரிண்ட் வரும். நின்றது ஒன்றுதான்: இனிக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் சும்மா இருப்பவர்களுக்கு அடைக்கப்படாது.

லயத்துக் கூரைத் தகரத்தில் ஓட்டை விழுந்தால் என்ன செய்வோம்? தகரத்தை மாற்றினால் மழை உள்ளே வராது. மாற்ற வழியில்லாவிட்டால் கீழே சட்டி வைப்போம். பாதுகாப்புத் திருத்தம் தகரம் மாற்றுவது மாதிரி, வைரஸ் தடுப்பு மென்பொருள் சட்டி வைப்பது மாதிரி. விண்டோஸ் 10இல் இருக்கும் டிஃபெண்டருக்கு வைரஸ் அடையாளத் தகவல்கள் 2028 ஒக்டோபர் வரையாவது வரும் என்று மைக்ரோசொப்ட் சொல்லியிருக்கிறது. எட்ஜ் பிரவுசருக்கும் அதே காலம் வரை அப்டேட் உண்டு. நல்லதுதான், ஆனால் சட்டியை நம்பி ஒரு பருவ மழையை எத்தனை நாள் தாங்குவது?

இது வெறும் பயமுறுத்தல் என்று நினைப்பவர்கள் 2017ஐ நினைத்துப் பார்க்கலாம். அந்த மார்ச் மாதம் விண்டோஸின் கோப்புப் பகிர்வில் இருந்த ஓர் ஓட்டைக்கு மைக்ரோசொப்ட் திருத்தம் வெளியிட்டது. மே 12 அன்று வன்னாகிரை என்ற கப்பம் கேட்கும் வைரஸ் அதே ஓட்டை வழியாக உள்ளே நுழைந்து 150க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளின் வேலையே ஸ்தம்பித்தது. சிக்கியவற்றில் மிகப் பெரும்பாலானவை அந்தத் திருத்தத்தைப் போடாத விண்டோஸ் 7 மெஷின்கள். யாரும் எந்த லிங்க்கையும் அமுக்கவில்லை. நெட்வேர்க்கில் இருந்ததே போதுமாக இருந்தது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியவில்லை. ஒபிஸ் 2016, ஒபிஸ் 2019 இரண்டுக்கும் அதே 2025 ஒக்டோபர் 14 அன்றுதான் ஆதரவு முடிந்தது. வெளியாட்கள் அனுப்பும் வேர்ட், எக்செல் கோப்புகளை நாள் முழுதும் திறக்கும் கடைக்காரர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதற்குப் பதிலாகப் பாவிக்கக்கூடிய லிப்ரே ஒபிஸ் இலவசம், விண்டோஸிலும் ஓடும்.

முதல் படி: மெஷினை அடையாளம் காணுங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அமுக்கி, வரும் பெட்டியில் வின்வெர் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் கொடுங்கள். 22எச்2 என்று இருந்தால் அதுதான் விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பு. 1909, 20எச்2 என்று இருந்தால் உங்கள் மெஷினுக்கு வருஷக்கணக்காகத் திருத்தமே வரவில்லை.

நம் ஊரில் இது சாதாரணம், காரணமும் உண்டு. பெரும்பாலானவர்கள் போன் ஹொட்ஸ்பொட்டில் வேலை செய்கிறோம். டேட்டா கரையக்கூடாதென்று அந்த இணைப்பை 'மீட்டர்ட்' என்று குறித்துவைக்கிறோம், அல்லது கடையில் அப்படிக் குறித்துத் தருகிறார்கள். அப்படிக் குறித்த இணைப்பில் விண்டோஸ் பெரும்பாலான அப்டேட்களை இறக்காது. மெஷின் அமைதியாக இருக்கிறதே என்று நாமும் சந்தோஷமாக இருந்துவிடுகிறோம்.

அடுத்து செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போங்கள். புரொசெசர் பெயரையும் ரேம் அளவையும் எழுதிக்கொள்ளுங்கள். இன்டெல் என்றால் கோட்டுக்குப் பின்னால் வரும் எண்தான் முக்கியம். ஐ5-6300யூ என்றால் 6ஆம் தலைமுறை, ஐ5-8250யூ என்றால் 8ஆம் தலைமுறை, ஐ5-10210யூ என்றால் 10ஆம் தலைமுறை. சில விதிவிலக்குகளைத் தவிர, 8ஆம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏறும். ஏஎம்டி ரைசன் என்றால் பொதுவாக 2000 வரிசையிலிருந்து. சந்தேகமாக இருந்தால் மைக்ரோசொப்ட்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற சிறிய இலவசச் செயலியைப் போட்டுப் பாருங்கள், ஏறுமா ஏறாதா, ஏன் என்று சொல்லிவிடும்.

அதே பக்கத்தில் 32 பிட் விண்டோஸ், எக்ஸ்64 புரொசெசர் என்று சேர்ந்து இருந்தால் கவலைப்படாதீர்கள். மெஷின் 64 பிட்தான், போட்டுக் கொடுத்தவர் 32 பிட் விண்டோஸைப் போட்டிருக்கிறார், அவ்வளவே.

இரண்டாம் படி: எதையும் தொடுவதற்கு முன் கொப்பி

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள்களைப் பதினான்கு வருஷமாகத் தன் லெப்டொப்பில் அடித்துச் சேர்த்து வைத்திருந்தார். மெஷின் மந்தமாகிவிட்டதென்று ஒரு கடையில் போர்மட் பண்ணக் கொடுத்தார். "டி டிரைவ்ல இருக்கிறது அப்படியே இருக்கும் டீச்சர்" என்று சொல்லியிருக்கிறார்கள். அது உண்மைதான், டி டிரைவ் அப்படியே இருந்தது. ஆனால் வினாத்தாள்கள் இருந்தது டெஸ்க்டொப்பில். டெஸ்க்டொப் என்பது சி டிரைவுக்குள் இருக்கும் ஒரு ஃபோல்டர் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. "எல்லாம் என் கையால அடிச்ச தாள் தம்பி" என்று அவர் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை.

ஆகவே டெஸ்க்டொப், டொக்கியூமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் நான்கையும் முழுதாகக் கொப்பி எடுங்கள். டி டிரைவ் இருந்தால் அதையும். கடைக் கணக்கு மென்பொருள் ஏதாவது இருந்தால் அதன் தரவு எங்கே இருக்கிறதென்று போட்டுக் கொடுத்தவரிடம் கேளுங்கள், அது பெரும்பாலும் நாம் நினைக்கும் ஃபோல்டரில் இருக்காது. பிரவுசரில் சேமித்துவைத்த கடவுச்சொற்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். பாமினி போன்ற எழுத்துருக்கள் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபொன்ட்ஸ் என்ற இடத்தில் இருக்கும், நீங்கள் பாவிக்கும் தமிழ் எழுத்துருக்கள் எல்லாவற்றையும் அங்கிருந்து எடுத்துவையுங்கள். இது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கொப்பி இரண்டு இடத்தில் இருக்கட்டும், அதில் ஒன்று வேறு வீட்டில். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் எத்தனை வீடுகள் மண்ணோடு போயின என்பதை நாமெல்லாம் பார்த்தோம். உடுத்த துணியோடு ஓடியவர்களிடம் பென் டிரைவ் எடுத்தீர்களா என்று யார் கேட்பது? வேறு ஊரில் இருக்கும் தங்கச்சியிடம் ஒரு கொப்பி இருந்தால், காகிதங்களை மறுபடி எடுக்க அலையும் அலைச்சலாவது குறையும்.

பென் டிரைவை, ஹார்ட் டிஸ்க்கை சுவரோரம் வைக்காதீர்கள், ஈரம் ஏறும். மூடி இறுகும் பிஸ்கட் டின்னில், சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா பொட்டலம் இரண்டைப் போட்டு வையுங்கள். கொப்பி எடுத்தபின் வேறொரு மெஷினில் செருகி நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத கொப்பியை நான் கொப்பியாகக் கணக்கெடுப்பதில்லை.

மூன்றாம் படி: மெஷின் செய்யும் வேலையைப் பார்த்து முடிவெடுங்கள்

மற்றவர்களின் காகிதம், பணம், அரசாங்க இணையத்தளம் இவை ஓடும் மெஷின் என்றால், ஆதரவு உள்ள இயங்குதளத்துக்கு இப்போதே போயாக வேண்டும். விண்டோஸ் 11 ஏறினால் அது, ஏறாவிட்டால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸ். வீட்டில் பாடம், ஸூம் வகுப்பு, யூடியூப், கடிதம் என்றால் பாதுகாப்புத் திருத்தங்களைத் தொடர்ந்து தரும் மைக்ரோசொப்ட்டின் நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்து கொஞ்சக் காலம் வாங்கலாம், அல்லது லினக்ஸுக்குப் போகலாம். பழைய பிரிண்டர் ஒன்றுக்காகவோ, வேறெங்கும் ஓடாத ஒரு மென்பொருளுக்காகவோ வைத்திருக்கும் மெஷின் என்றால் அதை இணையத்திலிருந்து பிரித்துவிட்டு அப்படியே பாவிக்கலாம்.

தோட்டத்து ஒபிஸ், பாடசாலை மெஷின்களில் நீங்களாக எதையும் மாற்றாதீர்கள். நிறுவனங்களுக்குத் தனி நீட்டிப்புத் திட்டம் இருக்கிறது: ஒரு மெஷினுக்கு முதல் வருஷம் 61 டொலர், ஒவ்வொரு வருஷமும் இரட்டிப்பாகும், ஆகக் கூடியது 3 வருஷம். கல்வி நிறுவனங்களுக்கு அது 1, 2, 4 டொலர்தான். அதிபரிடமும் வலயக் கல்வி அலுவலகத்திடமும் இந்தக் கணக்கைக் காட்டிக் கேட்கலாம்.

வீட்டு மெஷினுக்கு: நீட்டிப்பில் சேர்வது எப்படி

வீட்டுப் பாவனைக்கான நீட்டிப்பு 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் தரும். அந்தத் தேதிக்குள் எப்போது வேண்டுமானாலும் சேரலாம், ஆனால் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் ஓட்டை திறந்தே கிடக்கும்.

சேர மூன்று வழி உண்டு. செட்டிங்ஸை மைக்ரோசொப்ட் கணக்கோடு ஒத்திசைத்தால் இலவசம். மைக்ரோசொப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1000 இருந்தால் அதைக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் ஒரு தடவை 30 டொலர். நம்மில் பெரும்பாலானவர்களுக்கு முதல் வழியே போதும்.

முதலில் மெஷின் 22எச்2க்கு வந்திருக்க வேண்டும். செட்டிங்ஸில் நெட்வேர்க் பகுதிக்குப் போய், நீங்கள் பாவிக்கும் இணைப்பின் புரோபர்ட்டீஸில் 'மீட்டர்ட்' என்பதை ஓஃப் செய்யுங்கள். பிறகு அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, விண்டோஸ் அப்டேட் என்று போய் இருக்கிற எல்லாவற்றையும் இறக்குங்கள். பல ஜிபி ஆகலாம். பெக்கேஜில் இரவு டேட்டா இருந்தால் நள்ளிரவுக்குப் பின் விட்டுவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: பெட்டரி செத்த லெப்டொப், யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப் என்றால் இடி மழைக் காலத்து மாலையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். அப்டேட் பாதியில் கரண்ட் போனால் மெஷின் எழும்பாமல் போகலாம்.

எல்லாம் முடிந்து ரீஸ்டார்ட் ஆனதும், அதே விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 'என்ரோல் நௌ' என்ற தொடுப்பு தெரியும். அதை அமுக்கினால் மைக்ரோசொப்ட் கணக்கு கேட்கும். மெஷினில் அட்மினிஸ்ட்ரேட்டராக இருக்கும் பெரியவரின் கணக்காக இருக்க வேண்டும், பிள்ளைக் கணக்கு செல்லாது. கணக்கின் கடவுச்சொல்லை அதே நோட்டுப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். நாலு மாதம் கழித்து அதை மறந்துவிட்டு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். ஒரு கணக்கில் 10 மெஷின் வரை சேர்க்கலாம், ஆகவே ஒரே குடும்பத்துக்கு ஒரு கணக்கு போதும்.

டேட்டா காசு கொடுத்து வாங்கும் நமக்கு இன்னொன்று முக்கியம். இந்த ஒத்திசைவைத் தொடங்கும்போது டெஸ்க்டொப், டொக்கியூமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களையும் வன்டிரைவுக்கு (மைக்ரோசொப்ட்டின் இணையச் சேமிப்பிடம்) ஏற்றவா என்று கேட்கலாம். நீட்டிப்புக்குத் தேவை செட்டிங்ஸ் மட்டும்தான். ஃபோல்டர்களை ஓஃப் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் கல்யாணப் படங்கள் எல்லாம் ஹொட்ஸ்பொட் வழியாக மேலே ஏறி, ரீலோட் பண்ணிய காசு ஒரே நாளில் கரைந்துவிடும். இலவச இடமும் 5 ஜிபிதான்.

விண்டோஸ் 11 ஏறும் மெஷின் என்றால்

தலைமுறை சரியாக இருந்தும் 'ஏறாது' என்று வந்தால் பெரும்பாலும் காரணம் டிபிஎம் என்ற பாதுகாப்பு அம்சம் அணைந்திருப்பது. பயோஸில் (விண்டோஸ் எழும்பும் முன் திறக்கும் மெஷினின் அடிப்படை செட்டிங்ஸ்) இன்டெல் என்றால் பிடிடி, ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்ற பெயரில் இருக்கும், அதைத் திறந்துவிட்டால் போதும். மெஷினில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர் போட்டிருந்தால், பயோஸில் கைவைக்கும் முன் அதன் மீட்புச் சாவியை எழுதிக்கொள்ளுங்கள். அது 48 இலக்க எண். இல்லாவிட்டால் உங்கள் வீட்டுக் கதவே உங்களுக்குப் பூட்டிவிடும்.

பயோஸை லெகசி என்ற பழைய எழும்பும் முறையிலிருந்து யூஈஎஃப்ஐ என்ற புதிய முறைக்கு அவசரப்பட்டு மாற்றாதீர்கள். நம் கடைகளில் விண்டோஸ் போட்ட மெஷின்கள் பல லெகசி முறையில்தான் இருக்கின்றன. டிஸ்க்கை எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியால் மாற்றாமல் அந்த ஸ்விட்சை மட்டும் மாற்றினால் விண்டோஸ் எழும்பாது. தெரிந்தவரிடம் கொடுங்கள்.

6ஆம், 7ஆம் தலைமுறை மெஷினிலும் விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம் என்று சொல்வார்கள். தடையைச் சுற்றிப் போகும் வழிகள் இருப்பது உண்மை. ஆனால் அப்படிப் போட்ட மெஷினுக்கு அப்டேட் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசொப்ட்டே சொல்லியிருக்கிறது. மற்றவர்களின் காகிதம் இருக்கும் கடை மெஷினுக்கு இதை நான் செய்து கொடுப்பதில்லை.

4 ஜிபி ரேமும் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் இருந்தால், 11 ஏறினாலும் ஆமை மாதிரிதான் ஊரும். முதலில் ஒரு எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்) போடுங்கள், முடிந்தால் ரேமை 8 ஆக்குங்கள்.

லினக்ஸுக்குப் போவது

இங்கேதான் மலையகத்துப் பழைய லெப்டொப்களுக்கு நீண்ட ஆயுள் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு லினக்ஸ் மின்ட்டைத்தான் பரிந்துரைப்பேன். கீழே இடப்பக்க மெனு, டாஸ்க்பார் என்று விண்டோஸ் பழக்கம் அப்படியே கைகொடுக்கும். மின்ட் 22க்கு 2029 வரை ஆதரவு உண்டு. 4 ஜிபி ரேம் என்றால் அதன் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பை எடுங்கள், இலேசாக ஓடும்.

லினக்ஸ்மின்ட் டொட் கொம் தளத்திலிருந்து ஏறத்தாழ 3 ஜிபி கோப்பை இறக்க வேண்டும். ஊரில் ஒருவர் இறக்கினால் பத்துப் பேருக்குப் போதும். ஆனால் கைமாறி வந்த கோப்பை அப்படியே நம்பாதீர்கள். ரூஃபஸ் என்ற செயலியில் அந்தக் கோப்பைத் தெரிவுசெய்து # அடையாளம் உள்ள பொத்தானை அமுக்கினால் நீளமான சில எண்கள் வரும். அவற்றில் ஷா256 என்று இருப்பது, மின்ட் தளத்தில் போட்டிருக்கும் ஷா256 எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். சரி என்றால் அதே ரூஃபஸ் வழியாக 8 ஜிபி பென் டிரைவில் எழுதுங்கள். பென் டிரைவில் முன்னால் இருந்ததெல்லாம் அழியும்.

மெஷினை அணைத்து, பென் டிரைவைச் செருகி, ஒன் செய்தவுடன் டெல், லெனோவோ என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். வரும் பட்டியலில் யூஎஸ்பியைத் தெரிவுசெய்தால் மின்ட் பென் டிரைவிலிருந்தே எழும்பும். இன்னும் எதுவும் நிறுவப்படவில்லை, உங்கள் விண்டோஸ் பத்திரமாக இருக்கிறது. இப்படியே ஒரு நாள் பாவித்துப் பாருங்கள். வைஃபை வருகிறதா, சத்தம் வருகிறதா, கெமரா வேலை செய்கிறதா, பிரிண்டர் அச்சிடுகிறதா? எச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் செருகியவுடனே வேலை செய்யும். சில சின்ன லேசர் பிரிண்டர்களுக்கு லினக்ஸ் டிரைவர் போடுவது பெரும்பாடு. கடையின் வருமானமே பிரிண்டர்தான் என்றால் இந்தச் சோதனை முடியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

எல்லாம் சரியென்றால் திரையில் இருக்கும் இன்ஸ்டால் படத்தைத் திறந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போகலாம். 'இரேஸ் டிஸ்க்' என்ற தெரிவு டி டிரைவ் உட்பட அனைத்தையும் அழிக்கும். இரண்டாம் படியில் எடுத்த கொப்பி கையில் இருக்கிறதா என்று அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். முடிந்ததும் அப்டேட் மெனேஜரைத் திறந்து அப்டேட் போடுங்கள், டைம்ஷிஃப்ட் என்ற கருவியில் ஒரு ஸ்னப்ஷொட் எடுத்துவையுங்கள். பின்னால் ஏதாவது குழம்பினால் அந்த நாளுக்கே திரும்பலாம். அது சிஸ்டத்தைத்தான் காக்கும். உங்கள் கோப்புகளுக்கு வேறு கொப்பி வேண்டும்.

இனித் தமிழ். பாதிப் பேர் விண்டோஸுக்குத் திரும்பி ஓடுவது இந்த இடத்தில்தான், ஆனால் ஓடத் தேவையில்லை. நம் பாடசாலை வினாத்தாள், சங்கக் கடிதம், கோவில் நோட்டீஸ் எல்லாம் பாமினியில் அடித்தவை. பாமினி, தமிழ் எழுத்துக்கென்றே தனி எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோட் அல்ல, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்திய எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் 'தமிழ்' என்ற சொல் ஆங்கில ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். கோப்பு கெட்டுப்போனதாக நினைத்துப் பதறுவார்கள். விண்டோஸிலிருந்து எடுத்துவைக்கச் சொன்ன எழுத்துருக் கோப்பை மின்ட்டில் இரண்டு தட்டுத் தட்டித் திறந்து இன்ஸ்டால் கொடுத்தால், லிப்ரே ஒபிஸில் அதே ஆவணம் தமிழாகத் திறக்கும். பாமினியிலேயே பழகிய கை, அதே விசைகளில் தொடர்ந்து அடிக்கலாம். பக்க ஓரங்கள், அட்டவணைகள் கொஞ்சம் நகர்ந்திருக்கலாம், அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

யூனிகோட்டில் அடிப்பவர்களுக்கு ஐபஸ் எம்17என் என்ற தொகுப்பு தேவை. அதில் தமிழ்99, ஒலிப்பு முறை, தட்டச்சு முறை எல்லாம் இருக்கின்றன. இலங்கையில் தரமாக ஏற்கப்பட்ட ரெங்கநாதன் விசைப்பலகையும் அதே பட்டியலில் உண்டு. விண்டோஸில் என்எச்எம் ரைட்டர் பாவித்தவர்கள் அதைத் தேட வேண்டாம், அது விண்டோஸுக்கு மட்டும். அதே தட்டச்சு முறையை இங்கே தெரிவுசெய்தால் போதும்.

எதையும் மாற்ற முடியாத மெஷின்

வைஃபையை அணைத்து, நெட் வயரைக் கழற்றி, டைப் அடிக்க மட்டும் வையுங்கள். அதன் பிறகு ஆபத்து வரும் ஒரே வாசல் பென் டிரைவ். பிள்ளைகள் கொண்டுவரும் பென் டிரைவை முதலில் ஆதரவுள்ள மெஷினில் ஸ்கேன் செய்துவிட்டுத்தான் இதில் செருக வேண்டும். வங்கி வேலையை அப்டேட் வரும் போனிலேயே செய்யுங்கள். இந்த மெஷினில் ஒரு தடவைகூட வேண்டாம்.

எந்த மெஷினாக இருந்தாலும் கிராக் போட்ட மென்பொருளை எடுத்துவிடுங்கள். அதைப் போடும்போது வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்லியிருப்பார்கள். பலர் அதை மறுபடி ஒன் செய்ததே இல்லை.

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போனால்

ஹட்டன், பண்டாரவளை, கண்டி என்று எங்கே வாங்கினாலும், "விண்டோஸ் 11 போட்டிருக்கு" என்ற பேச்சை மட்டும் நம்பாதீர்கள். தடையைச் சுற்றிப் போட்ட 6ஆம் தலைமுறையாக இருக்கலாம். விற்பவர் முன்னாலேயே அபவுட் பக்கத்தைத் திறந்து புரொசெசர் எண்ணைப் படியுங்கள். 8ஆம் தலைமுறைக்குக் கீழே என்றால் லினக்ஸ் போடப் போகும் மெஷினாக நினைத்து விலை பேசுங்கள். சார்ஜரைக் கழற்றிப் பத்து நிமிஷம் ஓட விடுங்கள். கரண்ட் அடிக்கடி போகும் நம் ஊரில் பெட்டரிதான் யூபிஎஸ்.

பழைய மெஷினை விற்கும் முன்

டிலீட் பண்ணி ரீசைக்கிள் பின்னைக் காலி செய்வது போதாது, மீட்கும் மென்பொருளால் அதையெல்லாம் எடுத்துவிடலாம். செட்டிங்ஸில் ரீசெட் திஸ் பிசி என்பதற்குள் எல்லாவற்றையும் அகற்றும் தெரிவை எடுத்து, 'கிளீன் டேட்டா' என்பதையும் ஒன் செய்யுங்கள். சுழலும் டிஸ்க் என்றால் மணிக்கணக்கில் ஓடும், விடுங்கள். எழும்பவே எழும்பாத மெஷின் என்றால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அல்லது துளைபோட்டு உடைத்துவிடுங்கள்.

அந்த அக்காவின் மெஷின் 4ஆம் தலைமுறை. எஸ்எஸ்டி ஒன்று போட்டு மின்ட் ஏற்றினோம். பிரிண்டரும் ஸ்கேனரும் வேலை செய்தன. பாமினிக்கு மட்டும் அரை நாள் பழக வேண்டியிருந்தது. இப்போது ஸ்கேன் செய்யும் எல்லாமே ஒரே ஃபோல்டருக்குள் போகிறது. கடை பூட்டும் முன் அந்த ஃபோல்டரைக் காலி செய்துவிட்டுத்தான் லைட்டை அணைக்கிறார். பழைய ஹார்ட் டிஸ்க்கை நாங்கள் உடைத்தபோது, யாருடைய பேர் எல்லாம் அதில் இருந்தது என்று அவர் நினைவிலிருந்தே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.